அம்மாவின் முகம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது? வீடியோ அழைப்பின் கணக்கு

ஒஸ்லோவில் ஞாயிறு காலை பத்து மணியென்றால் ஊரில் கோடையில் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. சமைத்துச் சாப்பிட்டு அம்மாமார் சற்று ஆறியிருக்கும் நேரம். பூருசெத், ஸ்தோவ்னர், ரொம்மன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு ஊரோடு கதைப்பது அந்த நேரத்தில்தான். ஐந்து நிமிடத்துக்குள் அந்த வசனம் வந்துவிடும்: "அம்மா, உங்கட முகம் உடையுது, போனைக் கொஞ்சம் அசையாமல் பிடியுங்கோ." மறுபக்கத்திலிருந்து பதில் வரும்: "உன்ர முகம் நல்லாத் தெரியுது தம்பி. சாப்பிட்டனியே?"

"லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம். அது பாதி உண்மை. லைன் சரியில்லாவிட்டால் படம் மங்கலாக வரலாம், நின்று நின்று வரலாம். முகம் ஏன் சதுரம் சதுரமாகப் பிரிந்து, கண் ஓரிடத்திலும் வாய் ஓரிடத்திலுமாக இழுபட வேண்டும்? பழைய ஒளிநாடாக்கள் பழுதானபோது கோடு விழுந்தது, மழை பெய்தது. ஒருவரின் முகம் இப்படிப் பிரிந்ததில்லை.

விடை, கமராவுக்கும் கம்பிக்கும் இடையே நடக்கும் ஒரு கணக்குப் பதிவில் இருக்கிறது. நாம் கணினி படித்தவர்கள் அல்லர். வணிகமாணிப் பட்டத்தோடு அகதியாக வந்து இங்கே கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆனாலும் இந்த விடயத்தைத் தேடிப் படித்தபோது, பேரேடும் மீதியும் தெரிந்த எவருக்கும் இது விளங்கும் என்றே தோன்றியது. விளங்கிக்கொள்ள வேண்டிய தேவையும் எமக்கு உண்டு. பெற்றோரின் உடல்நிலையை மதிப்பிடுவதும், பலருக்கு அவர்களின் இறுதிக் கிரியையைப் பார்ப்பதும் இந்தத் திரையில்தானே.

முதலில் தொகையைப் பார்ப்போம். ஒரு சாதாரண வீடியோப் படம் அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒளிர்வுக்கும் நிறத்துக்குமாக ஒரு புள்ளிக்குச் சராசரி 12 பிட் வேண்டும். நொடிக்கு 30 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 11 கோடி பிட், அதாவது 110 மெகாபிட். ஊரில் ஒரு கைத்தொலைபேசி மாலை நேரத்தில் அனுப்பக்கூடியது அரை மெகாபிட் என்றால், அனுப்ப வேண்டியதில் 220இல் ஒரு பங்குக்குத்தான் இடமிருக்கிறது. மீதி 219 பங்கையும் அனுப்பாமலே அம்மாவின் முகத்தைக் காட்டியாக வேண்டும்.

எப்படி? கணக்கர் செய்வதுபோலத்தான். ஒரு கடையின் இருப்பை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து எண்ணி எழுதுவதில்லை. ஒருமுறை முழுதாக இருப்பெடுத்து ஆரம்ப மீதி போடுகிறோம். அதன்பிறகு வந்தது, போனது, இடம் மாறியது ஆகியவற்றை மட்டும் பதிகிறோம். மீதியைக் கீழே கொண்டுவந்து அடுத்த நாளைத் தொடங்குகிறோம். வீடியோவும் அப்படியே. முதற்படம் முழுதாக வரும். அடுத்த படத்துக்கு, முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் வரும். அம்மாவுக்குப் பின்னாலிருக்கும் சுவர், சாமிப்படம், கலண்டர் எல்லாம் மீதி கொண்டுவரப்பட்டவை. முன்னூறாவது படத்தில் தெரியும் சுவர், பத்து நொடிக்கு முன் வந்த சுவராக இருக்கலாம்.

அம்மா தலையை அசைக்கிறா. இங்கேதான் கெட்டித்தனம். தலை புதிதாக முளைக்கவில்லை. முந்தைய படத்தில் இருந்த தலையே சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. ஆகவே படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட சதுரங்களாக வெட்டுகிறார்கள். எங்கள் கணக்கின்படி 40 நிரல், 30 நிரை, மொத்தம் 1,200 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே கேள்வி: "நீ முந்தைய படத்தில் எங்கே இருந்தாய்?" விடை இரண்டு எண்கள். இடம்வலமாக எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு. 256 புள்ளிகளை அனுப்புவதற்குப் பதிலாக இரண்டு சிறிய எண்கள்.

கேள்விக்கு விடை காண்பது வெறும் கழித்தல். ஒரு நிரையில் ஏழு புள்ளிகளை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம். முந்தைய படத்தில் அவற்றின் ஒளிர்வு 20, 20, 80, 90, 40, 20, 20. இப்போதைய படத்தில் 20, 20, 20, 82, 90, 41, 20. இப்போதைய படத்தின் 82, 90, 41 என்ற மூன்று புள்ளிகளும் எங்கிருந்து வந்தன? அதே இடத்தில் முன்பு இருந்தவை 90, 40, 20. வித்தியாசங்கள் 8, 50, 21, கூட்டினால் 79. ஓரிடம் இடப்பக்கம் தள்ளிப் பார்த்தால் முன்பு இருந்தவை 80, 90, 40. வித்தியாசம் 2, 0, 1, கூட்டினால் 3. இரண்டிடம் தள்ளினால் 121. மறுபக்கம் ஓரிடம் தள்ளினால் 133. மிகக் குறைந்தது 3. ஆகவே பதிவு: "ஓரிடம் இடப்பக்கத்திலிருந்து எடு. மிஞ்சும் வித்தியாசம் 2, 0, 1." அந்த மிச்சத்தைத் தொங்கல் கணக்கு என்று நினைத்துக்கொள்ளலாம். அதையும் சுருக்கி அனுப்பினால் மறுபக்கத்தில் படம் பொருந்திவிடும்.

எளிதான வேலை, ஆனால் மலைபோல வேலை. ஒவ்வொரு திசையிலும் 15 புள்ளிவரை தேடினால் ஒரு சதுரத்துக்கு 961 இடங்கள். ஓரிடத்துக்கு 256 கழித்தல். 1,200 சதுரம், 30 படம். நொடிக்கு 885 கோடி கழித்தல்! எந்தக் கணக்கியல் அலுவலகமும் இதற்கு ஆள் எடுக்காது. இதற்குக் குறுக்குவழி சொன்னவர்களில் முன்னோடிகள், அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜஸ்வந்த் ஜெயின், அனில் ஜெயின் இருவரும். 1981இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை சொன்ன வழி இது: எல்லா இடத்தையும் பார்க்காதே. முதலில் தூரத் தூரமாகச் சில இடங்களைப் பார். எது நல்லதோ அதைச் சுற்றி நெருங்கிப் பார். பிறகு இன்னும் நெருங்கு. 961 இடங்கள் இருபது சொச்சமாகக் குறைந்துவிடும். தொலைந்த மாட்டைத் தேடிப் போகிறவர் ஒவ்வொரு பற்றையையும் கிளறுவதில்லை. எந்தப் பக்கம் தடயம் தெரிகிறதோ அந்தப் பக்கமே போகிறார்.

அந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் "இடப்பெயர்வை அளத்தல்" என்று வரும். அவர்கள் சொன்னது படப்புள்ளிகளின் இடப்பெயர்வை. அந்தச் சொல்லை எங்கள் சனம் வேறுவிதமாகப் படித்துப் பழகிவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மிச்சத்தைச் சுருக்கும் கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை 1974இல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். இன்று உலகில் ஓடும் வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவை இவர்களின் கணக்கையோ அதன் வழிவந்த ஒன்றையோ பயன்படுத்துகின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி நோர்வேக்கு வருவோம். இந்தக் கணக்குமுறை வளர்ந்த முக்கியமான இடங்களில் இரண்டு, நாம் நாளாந்தம் ரயிலில் கடந்துபோகும் இடங்கள்.

ஒன்று ஷெல்லர், லில்லெஸ்த்ரோமுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். நோர்வேயின் தொலைத்தொடர்புத் துறை 1967இல் தன் ஆய்வு நிறுவனத்தை அங்கே தொடங்கியது. பின்னர் இணையமாக வளர்ந்த அமெரிக்க வலையமைப்பு 1973இல் ஐரோப்பாவில் முதன்முதலாகத் தொட்ட இடமும் ஷெல்லர்தான். தொலைத்தொடர்புத் துறை 1995இல் ரெலினோர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்களில் பலர் முதற் கைத்தொலைபேசி எடுத்த அதே நிறுவனம்.

நோர்வேக்கு ஏன் இதில் அக்கறை? வடக்கே போய் வந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்ற எம்மவர்களுக்கு, ஒரு விசேட வைத்தியரைப் பார்க்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தெரியும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிர்க்கெனெஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த இழையத்தை, துரொம்சோவிலிருந்த நோயியல் வைத்தியர் வீடியோவில் பார்த்து முடிவு சொல்லும் சேவை நடந்தது. மலையும் கடலும் பிரித்த நாட்டுக்கு, படத்தைக் கம்பியில் அனுப்புவது ஆடம்பரமல்ல.

அந்தக் காலத்து எண்முறைத் தொலைபேசி இணைப்பு ஒன்று நொடிக்கு 64 கிலோபிட் கொண்டது. 1988இல் வந்த எச்.261 என்ற சர்வதேச நியமம் அந்த 64இன் மடங்குகளில் ஓடுவதற்காகவே எழுதப்பட்டது. 16க்கு 16 சதுரமும் இடப்பெயர்வுக் குறிப்பும் அதிலேயே வந்துவிட்டன. அடுத்து வந்த எச்.263க்கு ஷெல்லர் ஆய்வாளர்கள் எழுதிய சோதனை மென்பொருள், உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்குப் பயன்பட்டது. 1999இல் அதற்கும் அடுத்த தலைமுறைக்கான வேலை தொடங்கியபோது, அடித்தளமாக எடுக்கப்பட்டதும் ரெலினோரின் முன்மொழிவு. அதன் பின்னால் இருந்தவர் கிஸ்லெ பியோன்தெகோர் என்ற நோர்வேப் பொறியியலாளர். அந்த வேலை பல நாட்டவர் கைபட்டு, 2003 மே மாதத்தில் எச்.264 என்ற நியமமாக முடிந்தது. கைத்தொலைபேசி, யூரியூப், சூம், தொலைக்காட்சிப் பெட்டி என்று அது போகாத இடமில்லை.

அதில் என்ன புதுமை? சதுரம் எப்போதும் 16க்கு 16 ஆக இருக்க வேண்டியதில்லை. சுவருக்குப் பெரிய சதுரம் போதும்; உதட்டுக்கும் கண்ணிமைக்கும் 4க்கு 4 வரை சிறிதாக வெட்டலாம். இடப்பெயர்வையும் முழுப் புள்ளியில் மட்டுமல்ல, கால் புள்ளிவரை அளக்கலாம். பேரேட்டில் ரூபாவோடு சதமும் எழுதத் தொடங்கியதுபோல.

பியோன்தெகோரின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் நிலைத்துவிட்டது. 2001இல் அவர் ஓர் ஒப்பீட்டு முறையை முன்வைத்தார். இரண்டு சுருக்கு முறைகள் இருந்தால், ஒரே தரத்துக்கு எது எத்தனை வீதம் குறைவான பிட்டில் முடிக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்லும் முறை. இன்றும் இத்துறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் அவர் பெயரால் அமைந்த அந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். கணக்கராக நாம் மிகவும் மெச்சுவது இதைத்தான். செலவைக் குறைத்தேன் என்று யாரும் சொல்லலாம். அதே தரத்தில் குறைத்தாயா என்று கேட்பவர்தான் குறைவு.

மற்ற இடம் லீசாக்கர். ஒஸ்லோவின் மேற்கு எல்லையில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடம்; அந்தப் பகுதி அலுவலகங்களில் இரவுத் துப்புரவு வேலை செய்தவர்கள் எம்மில் உண்டு. வெபியோர்ன் தண்ட்பேர்க் 1933இல் ஒஸ்லோவில் வானொலி செய்யத் தொடங்கிய நிறுவனம் 1978இல் முறிந்தது. அதன் பெயரைத் தாங்கித் தொடர்ந்த ஒரு கிளை, லீசாக்கரிலிருந்து வீடியோக் கூட்டக் கருவிகள் செய்து உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றானது. பியோன்தெகோரும் பின்னர் அங்கே சேர்ந்தார். 2010இல் அமெரிக்க சிஸ்கோ நிறுவனம் அதை ஏறத்தாழ 340 கோடி டொலருக்கு வாங்கியது. 2015இல் சிஸ்கோ ஒரு புதிய சுருக்குமுறையை உரிமக் கட்டணமின்றி வெளியிட்டபோது, அதற்கு வைத்த பெயர் தோர். இடிமுழக்கத்துக்கான நோர்டிக் தெய்வத்தின் பெயர். அதிலிருந்த சில உத்திகள் 2018இல் வந்த ஏவி1 என்ற பொது நியமத்தில் கலந்தன.

இவ்வளவும் பெருமைக்குரிய பக்கம். இனி ஓர் எச்சரிக்கை. இந்த முறை அளப்பது உண்மையான அசைவை அல்ல. எங்கிருந்து எடுத்தால் வித்தியாசம் மிகக் குறைகிறதோ, அதை அசைவு என்று பதிகிறது. கணக்கில் இரு பக்கமும் சமப்பட்டுவிட்டதால் பதிவு உண்மையென்று ஆகிவிடாது என்பதைப் பரீட்சை மீதி எடுத்த எவரும் அறிவர்.

உண்மையான அசைவைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? கிடுகு வேலியின் ஒரு சிறு ஓட்டையால் ஒழுங்கையைப் பாருங்கள். இருவர் நீண்ட பனஞ்சிலாகை ஒன்றைத் தோளில் சுமந்து போகிறார்கள். ஓட்டைக்குள் தெரிவது சிலாகையின் நடுப்பகுதி மட்டும். அது மேலே எழுந்தால், கீழே தாழ்ந்தால் தெரியும். நீளவாக்கில் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓட்டைக்குள் ஒன்றும் மாறாது. வெள்ளைச் சுவரையோ ஒரே நிறச் சேலையையோ பார்க்கும் சதுரத்துக்கும் இதே நிலைதான். எங்கே வைத்தாலும் பொருந்தும். கணினிப் பார்வைத் துறையில் இது பழைய சிக்கல். 1981இல் பேர்தோல்ட் ஹோர்ன், பிரயன் ஷங்க் இருவரும் சொன்ன தீர்வு: ஓட்டை ஒன்றை மட்டும் நம்பாதே, பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் அசையும் என்று வைத்துக்கொண்டு முழுப் படத்துக்கும் சேர்த்துத் தீர். அதே ஆண்டில் புரூஸ் லூக்காஸ், தக்கேயோ கனாடே இருவரும் சிறு சிறு பகுதியாக எடுத்துத் தீர்க்கும் வழியைச் சொன்னார்கள். தானாக ஓடும் வாகனம், விளையாட்டுக் காட்சியில் பந்தைத் தொடரும் கமரா போன்றவற்றுக்கு இந்தவகை உண்மைத் தேடல் வேண்டும். வீடியோ அழைப்புக்கு அது வேண்டாம். அதற்குச் சிக்கனம் போதும்.

இப்போது முகம் உடைவதற்கு வரலாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு நாள் பதிவுத்தாள் தொலைந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் பதிவு சரியாகவே வருகிறது: "இங்கிருந்து மூன்றிடம் தள்ளி எடு, இவ்வளவு கூட்டு." ஆனால் எதன்மேல் கூட்டுவது? எங்கள் பக்கத்திலிருக்கும் மீதி பிழை. பிழையான மீதியின் மேல் சரியான பதிவைப் போட்டால் கன்னம் இருந்த இடத்தில் கதவு வரும், வாய் இழுபட்டுக் கழுத்துக்குப் போகும். அடுத்த படம் அதன்மேல், அதற்கடுத்தது அதன்மேல் என்று பிழை கீழே கொண்டுவரப்பட்டுக்கொண்டே போகும். இதைத் திருத்த ஒரே வழி மறுபடி முழு இருப்பெடுப்பு. எங்கள் தொலைபேசி ஊர்த் தொலைபேசியிடம் "முழுப்படம் ஒன்று அனுப்பு" என்று கேட்கும். முழுப்படம் பெரியது, ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் லைனில் அது வந்து சேரும்வரை அம்மா வாய் திறந்தபடி உறைந்து நிற்பா. பிறகு சட்டெனத் தெளிந்துவிடும்.

அம்மா போனை அசைத்தால் ஏன் மோசமாகிறது என்பதும் இதிலேயே விளங்கும். கை நடுங்கினால் சுவர் உட்பட எல்லாச் சதுரமும் ஒரே நேரத்தில் இடம்பெயரும். மீதி கொண்டுவர ஒன்றுமே மிஞ்சாது. இருட்டு அறை அதைவிட மோசம். குறைந்த வெளிச்சத்தில் கமராவில் ஒருவகைப் புள்ளித் தூவல் உண்டாகும். அது படத்துக்குப் படம் வேறு, முந்தைய படத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. இருக்கும் அரை மெகாபிட்டையும் அந்தத் தூவல் தின்றுவிடும். பின்னால் காற்றிலாடும் முருங்கை மரம், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி எல்லாம் முகத்தோடு பங்குக்கு வருபவை. யன்னலைப் பார்த்தபடி, வெறும் சுவருக்கு முன்னால், போனைச் செம்பிலோ போத்தலிலோ சாய்த்து வைத்துக் கதைத்தால் அதே லைனில் வேறொரு முகம் தெரியும்.

நாம் இதை எழுத முக்கிய காரணம் வேறு. மிச்சத்தைச் சுருக்கும்போது சிறிய வித்தியாசங்களை விட்டுவிடுவார்கள் என்பதுதான் அது. நோர்வேயில் 50 ஓரே நாணயம் 2012இல் செல்லாமற் போனபின் கடையில் காசாகக் கொடுத்தால் குரோனருக்கு முழுமையாக்குகிறார்களே, அதுபோல. லைன் நெருக்கடியானால் முழுமையாக்கல் இன்னும் பெரிதாகும். பத்துக் குரோனருக்குக் குறைந்ததெல்லாம் சுழியம் என்பதுபோல. ஒரு சதுரத்தின் மிச்சம் முழுக்கச் சுழியமாகி, இடப்பெயர்வும் இல்லையென்றால், "முன்னையதே" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இதன் பொருள்: விரல் நுனியின் மெல்லிய நடுக்கம், கண்ணுக்குக் கீழே வந்த வெளிறல், முகத்தின் ஒரு பக்கச் சிறு தளர்வு ஆகியவைதான் முதலில் விடுபடும். பெரிய அசைவும் குரலும் வந்துவிடும். "அம்மா நல்லாத்தான் இருக்கிறா, வீடியோவில பார்த்தனான்" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். பார்த்தது, அம்மாவின் பத்து நொடிக்கு முந்தைய கன்னத்தோடு இந்த நொடியின் உதடு சேர்ந்த ஒரு மதிப்பீட்டை. எமது மாமியின் கால் வீக்கத்தை எமக்குக் காட்டியது வீடியோ அழைப்பல்ல. பக்கத்து வீட்டுத் தம்பி எடுத்தனுப்பிய ஒரு சாதாரணப் படம். கிர்க்கெனெஸுக்கும் துரொம்சோவுக்கும் இடையே வைத்தியர் பார்த்தது அதற்கென்றே அமைத்த இணைப்பில். எங்கள் கையிலிருப்பது அதுவல்ல.

ஆகவே உடல்நிலை பற்றிய கேள்வி என்றால் அழைப்பை நம்பாமல் படம் கேளுங்கள். நடையையோ நடுக்கத்தையோ பார்க்க வேண்டுமென்றால், அழைப்பை நிறுத்திவிட்டு, தொலைபேசியின் கமராவிலேயே அரை நிமிடம் பதிவுசெய்து, கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கமராவில் பதியும்போது உடனே அனுப்பவேண்டிய அவசரமில்லை; பிட்டுக்குப் பஞ்சமில்லை. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மீண்டும் சுருக்கப்படும். ஆவணமாக இணைத்தால் அப்படியே வரும்.

செத்தவீட்டு நேரலை பற்றியும் சொல்ல வேண்டும். போகமுடியாத எத்தனை பேர் இங்கே மண்டபத்திலும் வரவேற்பறையிலும் திரைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறோம்! கவனித்திருப்பீர்கள்: ஐயர் ஆயத்தம் செய்யும் நீண்ட நேரமெல்லாம் படம் கண்ணாடிபோல இருக்கும். சுண்ணம் இடிக்கும்போது, வாய்க்கரிசி போடச் சனம் குனியும்போது, கற்பூரம் கொளுத்தும்போது உடைந்துவிடும். அது விதியின் கொடுமையல்ல. புகைக்கும் நெருப்புக்கும் தூவும் பூவுக்கும் முந்தைய படத்தில் முகவரி கிடையாது. சதுரத்தை எங்கே தேடினாலும் பொருந்தாது, மிச்சம் பெருத்துவிடும், லைன் தாங்காது. கூட்டம் நெருக்கும்போது கமராக்காரரும் தோளோடு தோளாகத் தள்ளாடுவார். அதுவும் சேரும்.

முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். கமராவை முக்காலியில் உயரமாக வைத்து அசைக்காமல் விடச் சொல்லுங்கள். முகத்துக்கு ஓடி ஓடிப் போகும் படப்பிடிப்பாளரைவிட நிற்கும் கமரா மேல். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நேரலை போகும் அதே நேரத்தில் கமராவின் நினைவட்டையிலும் பதிய வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நேரலையில் உடைந்த அந்த இரண்டு நிமிடம் அட்டையில் உடையாமல் இருக்கும். சிலர் கிரியை முடிந்ததும் அட்டையை அடுத்த நிகழ்வுக்காக அழித்துவிடுகிறார்கள். அன்றைக்கே கோப்பை வாங்கிவிடுவது நல்லது.

மூலக் கோப்பின் பெறுமதி குடும்பத்தோடு முடிவதல்ல. 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்ட கொலைக் காட்சி எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2010 ஜனவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தடய மருத்துவம், துப்பாக்கித் தடயம், வீடியோப் பகுப்பாய்வு ஆகிய துறைகளின் மூன்று நிபுணர்கள் அதைப் பரிசோதித்ததையும், அது உண்மையானது என்பதையே அவர்களின் முடிவுகள் வலுவாகக் காட்டுவதையும் வெளியிட்டார். வீடியோ நிபுணர் பார்ப்பது காட்சியை மட்டுமல்ல. படத்திலிருந்து படத்துக்குத் தொடர்ச்சி அறுந்திருக்கிறதா, கோப்பு எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம். ஒருவர் அனுப்பி, மற்றவர் தரவிறக்கி, முகநூலில் ஏற்றி, அங்கிருந்து எடுத்து மீண்டும் அனுப்பும் ஒவ்வொரு முறையும் இடப்பெயர்வுகள் புதிதாகக் கணக்கிடப்பட்டு, மிச்சம் புதிதாக முழுமையாக்கப்படுகிறது. கணக்காய்வாளருக்கு மூலச் சிட்டைக்குப் பதிலாகப் பத்தாவது போட்டோப் பிரதியைக் கொடுப்பதுபோல. எந்தத் தொலைபேசியில் எடுக்கப்பட்டதோ அதிலிருந்து நேரே பிரதிசெய்த கோப்பை, யார், எப்போது, எங்கே எடுத்தது என்ற குறிப்போடு வைத்திருப்பவரிடம்தான் உண்மையான பதிவு இருக்கிறது.

வீட்டு அலுமாரியில் இருக்கும் வீடியோக் கசெற்றுகளுக்கும் இதே கணக்கு. கலியாணம், சாமத்தியவீடு, ஊரைவிட்டு வரமுன் யாரோ எடுத்த வீட்டு முற்றம். அந்த நாடாக்களில் சதுரமும் இல்லை, இடப்பெயர்வுக் கணக்கும் இல்லை. நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறி, அப்படியே காந்தத்தில் பதிந்திருக்கின்றன. நாடா ஆண்டுதோறும் தேய்கிறது. ஓட்டும் இயந்திரமும் அருகிவிட்டது. எண்முறைக்கு மாற்றும்போதுதான் முதன்முதலாக அந்த முகங்கள் சதுரமாக வெட்டப்படுகின்றன. மலிவாகச் செய்பவர்கள் நொடிக்கு ஒரு மெகாபிட்டில் நசுக்கித் தருவார்கள். மூன்று மணி நேரக் கசெற் 1.35 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும், ஆனால் பழைய நாடாவின் தூவலும் சேர்ந்து முகத்தைத் தின்றிருக்கும். நொடிக்கு 15 மெகாபிட்டில் செய்யச் சொன்னால் ஏறத்தாழ 20 கிகாபைட் வரும். இரண்டு தெராபைட் வன்தட்டு ஒன்றில் இப்படிப்பட்ட 98 கசெற்றுகள் கொள்ளும். எந்தக் குடும்பத்திடமும் அவ்வளவு கசெற் இருக்கப்போவதில்லை. அரைப்படங்களை ஒன்றாக இணைக்காமல் இருந்தபடியே பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லுப்போல வரும். உறவுகளுக்கு அனுப்புவதற்குச் சிறிய பிரதி ஒன்று தனியாக எடுக்கலாம். பெரிய கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.